ராமானுஜனைக் கொண்டுபோனது காசநோய்தானா?



டிசம்பர் 22 வந்தால் போதும், 1729 என்ற எண் நம் வாட்ஸ்அப் குழுக்களை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஓயும். "டீச்சர், நீங்க வகுப்புல சொன்ன கதை" என்று இந்த வருடமும் பல பேர் அனுப்பியிருந்தீர்கள். சந்தோஷம். மறந்தவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் ராமானுஜனைப் பார்க்கப் போகிறார். வண்டி எண் 1729. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். ராமானுஜனோ, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்கிறார். 1-இன் கனத்தையும் 12-இன் கனத்தையும் கூட்டினால் 1729. 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினாலும் 1729.

கதையில் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறோம். ஹார்டி எங்கே போனார் என்பதைப் பார்ப்பதில்லை. அவர் போனது லண்டனில் பட்னி என்ற பகுதியில் இருந்த ஒரு நோயாளிகள் இல்லத்துக்கு. ராமானுஜன் அங்கே படுக்கையில் கிடந்தார். அதற்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் மருத்துவமனை, சானடோரியம் என்று அலைந்து முடித்திருந்தார். அடுத்த இரண்டு வருடங்களுக்குள் அவர் உயிரோடு இல்லை. வயது 32.

இன்று கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் படுக்கையைப் பற்றி எழுதுகிறேன். பதிவு நீளம்தான். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாம் எல்லோரும் படித்தது, ராமானுஜன் காசநோயால் இறந்தார் என்பது. அவர் காலத்து மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 1994-இல், லண்டன் ராயல் சொசைட்டி வெளியிடும் வரலாற்று இதழில் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ராமானுஜனை 1918-இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட அதே ராயல் சொசைட்டிதான். கிடைத்த மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முடிவு இது: ராமானுஜனுக்கு இருந்தது பெரும்பாலும் நுரையீரல் நோய் அல்ல, வயிற்று நோய். சீதபேதிக் கிருமி கல்லீரலில் ஏறி உண்டாக்கும் நோய். இங்கிலாந்து மருத்துவர்களுக்கு அது அரிய நோய். நம் ஊருக்கு அது புதிதே இல்லை.

எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று பார்க்க, ராமானுஜனின் வயிற்றுக் கதையை முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அவர் பிறந்தது 1887-இல் ஈரோட்டில், வளர்ந்தது கும்பகோணத்தில். 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே கடுமையான சீதபேதி. படிப்பை விட்டுவிட்டுக் கும்பகோணம் திரும்பி, தேறி வர மாதக்கணக்கில் ஆயிற்று. மறுபடியும் 1909-10 காலத்தில் உடம்பு படுத்தியது. விரைவீக்கம் இருந்தது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டில் அதற்குப் பணம் இல்லை. ஒரு மருத்துவர் காசு வாங்காமல் செய்துகொடுத்தார். அதன் பிறகும் 1910-இல் சென்னையில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது உடல்நிலை மோசமாகி ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. போகும்போது தன் கணக்கு நோட்டுகளை நண்பர் கையில் கொடுத்து, நான் இறந்துவிட்டால் இதைப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்துவக் கல்லூரி ராஸ் துரையிடமோ சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது அவருக்கு வயது 22. அந்த அளவுக்கு உடம்பு நொந்திருக்கிறது.

இந்தியாவை விட்டுப் போகும் முன்பே இரண்டு முறை அவருக்குச் சீதபேதி வந்திருந்தது என்பதை யங் குறித்துவைக்கிறார். இதை நீங்களும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17-இல் கப்பல். ஏப்ரலில் இங்கிலாந்து. ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

சைவச் சாப்பாட்டை அவர் விடவில்லை. தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர் முற்ற முற்ற, காய்கறி கிடைப்பதே சிரமம். கணக்கில் மூழ்கிவிட்டால் நேரத்துக்குச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. 1917 வசந்த காலத்தில் படுத்தார். முதலில் கேம்பிரிட்ஜிலேயே ஒரு நோயாளிகள் இல்லம். பிறகு மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம். பிறகு டார்பிஷயரில் மேட்லாக் என்ற இடம். பிறகு லண்டனில் ஃபிட்ஸ்ராய் சதுக்கம். கடைசியில் பட்னி.

மெண்டிப் மலை சானடோரியத்தை நடத்தியவர் நம்மவர், டாக்டர் டேவிட் சௌரிமுத்து. சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தின் பெயர் தெரிந்திருக்கும். அந்த சானடோரியத்தை 1928-இல் தொடங்கியவர் அவர்தான்.

மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். லண்டனில் பாட்டி ஷா என்ற பெரிய நிபுணர் பார்த்தார். அவருக்குத்தான், மற்ற மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் தெரிய வந்தது: இந்தியாவில் ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. உடனே அவர் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. அன்று எடுத்தது வெறும் வீக்கம் அல்ல, புற்றுநோய்க் கட்டியோ, அது இப்போது கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று நினைத்தார். புற்றுநோய் என்றால் உடம்பு மளமளவென்று இறங்க வேண்டும். ராமானுஜனுக்கு அப்படி இறங்கவில்லை, அதனால் அந்த யோசனையும் கைவிடப்பட்டது. 1918 நவம்பரில் ஹார்டி சென்னைக்கு எழுதிய கடிதத்தில், உடம்பு தேறி வருகிறது, எடை கூடியிருக்கிறது, எங்கேயோ இருந்து ரத்தத்தில் நச்சு கலந்திருக்க வேண்டும், அது இப்போது வற்றிவிட்டது என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார்.

கவனியுங்கள். இரைப்பை, நுரையீரல், கல்லீரல், ரத்தம் என்று நாலு இடத்தைத் தொட்டுவிட்டார்கள். இந்த நாலையும் ஒரே நூலில் கோக்கக்கூடிய நோய் ஒன்று உண்டா?

உண்டு. இனி கொஞ்சம் அறிவியல் வகுப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீதபேதியில் இரண்டு வகை. பாக்டீரியாவால் வருவது ஒன்று. அமீபாவால் வருவது இன்னொன்று. அமீபா என்றால் ஒற்றைச் செல் உயிர் என்று படித்திருக்கிறீர்கள். குளத்தில் இருக்கும் சாதுவான அமீபா வேறு, இது வேறு. இதன் பெயர் என்டமீபா ஹிஸ்டாலிடிகா. ஹிஸ்டாலிடிகா என்றால் திசுவைக் கரைப்பது என்று பொருள். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக வயிற்றுக்குள் போய்ப் பெருங்குடலில் தங்கும். சளியும் ரத்தமுமாகப் போகும். கொஞ்ச நாளில் நின்றுவிடும். நாமும் மறந்துவிடுவோம்.

பேதி நின்றதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சரியான மருந்து கொடுக்காவிட்டால் அது குடலிலேயே வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். குடலில் இருந்து சத்தை எல்லாம் கல்லீரலுக்குக் கொண்டு போகும் ஒரு பெரிய ரத்தக் குழாய் உண்டு. ஏதோ ஒரு நேரத்தில் அமீபா அந்தக் குழாயில் ஏறிவிடும். கல்லீரலில் போய் உட்கார்ந்து திசுவைக் கரைக்கத் தொடங்கும். அங்கே பழுப்பு நிறத்தில் சீழ் கட்டும். பெரும்பாலும் வலது பக்கம்தான். வருவதும் பெரும்பாலும் 20-இல் இருந்து 45 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கே.

அப்போது என்ன தெரியும்? சாயங்காலமானால் குளிரும் காய்ச்சலும். ராத்திரி வியர்வை. பசி இல்லை. உடம்பு கரையும். வலது விலாவின் கீழே வலி, சில பேருக்கு வலது தோள்பட்டையில் வலி. கல்லீரலுக்கு மேலே உதரவிதானம், அதற்கு மேலே நுரையீரல். கட்டி மேல்பக்கம் இருந்தால் உதரவிதானத்தை அழுத்தும், வறட்டு இருமல்கூட வரும். இப்போது நீங்களே மருத்துவராக உட்கார்ந்து யோசியுங்கள். ஒல்லியான இளைஞர், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, நெஞ்சின் கீழ்ப்பக்கம் வலி. உங்கள் வாயில் முதலில் என்ன வரும்? காசநோய் என்றுதான் வரும். 1917-இல் இங்கிலாந்தில் அப்படி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் கட்டிக்கு அந்தக் காலத்தில் வைத்தியம் இருந்ததா? இதுதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்த கேள்வி.

முன்பெல்லாம் கல்லீரல் சீழ்க்கட்டி என்றால் வயிற்றைக் கத்தியால் திறந்து சீழை வெளியேற்றுவார்கள். திறந்த புண்ணுக்குள் வெளிக்கிருமி புகுந்துகொள்ளும். அதிலேயே பல பேர் போய்விடுவார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இதில் நிறைய செத்திருக்கிறார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் லெனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் இதிலேயே வருடக்கணக்காக வேலை செய்தார். பெரிதாகக் கீறாதே, ஊசியைச் செருகிச் சீழை உறிஞ்சி எடு, கூடவே கிருமியைக் கொல்ல மருந்து கொடு என்பது அவர் வழி. இபிகாக் என்ற தென்னமெரிக்க வேரைப் பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்த வேரில் இருந்து பிரித்த எமெட்டின் என்ற சத்தை ஊசியாகப் போட்டு 1912-இல் அவர் பலன் கண்டார். இதயத்தைப் பாதிக்கக்கூடிய முரட்டு மருந்துதான். ஆனாலும் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

ஆண்டைப் பாருங்கள். 1912. ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அதே வருடம். அவர் படுக்கையில் விழுந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து.

அதற்குள் போர் வேறு. 1915-இல் கலிப்போலிப் போர்முனையில் குண்டைவிட பேதி அதிகமாகச் சிப்பாய்களைப் படுக்க வைத்தது. ஆங்கிலேய ராணுவ மருத்துவர்கள் அமீபாவைத் தேடினார்கள், எமெட்டின் போட்டார்கள். ராமானுஜன் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய காலத்தில், அமீபா நோய் பிடித்த சிப்பாய்கள் அதே நாட்டில் குணமாகிக்கொண்டிருந்தார்கள் என்று யங் எடுத்துக்காட்டுகிறார். வெப்ப நாட்டு நோய்களுக்கென்றே லண்டனில் ஒரு மருத்துவப் பள்ளி 1899-இல் இருந்து நடந்துவந்தது. ராமானுஜன் படுத்திருந்த பட்னியும் அதே லண்டன்தான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். காசநோய்க்கு அன்று மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். அன்றைய சானடோரியம் வைத்தியம் என்பது ஜன்னலைத் திறந்து போட்டுக் குளிர்காற்றில் படுக்க வைப்பதும், பாலும் முட்டையும் கொடுப்பதும்தான். கும்பகோணத்துச் சைவப் பிள்ளைக்கு அந்தக் குளிரும் சாப்பாடும் எப்படி இருந்திருக்கும்! மேட்லாக்கில் இருந்து அவர் எழுதிய கடிதத்தில் சாப்பாட்டுப் புலம்பல்தான் அதிகம்.

ஆக, மருந்து இருந்த நோய்க்குப் பதிலாக, மருந்து இல்லாத நோயின் பெயர் அவர் மேல் ஒட்டப்பட்டது. யங் சொல்வது சரியென்றால் இதுதான் நடந்தது.

'சரியென்றால்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராமானுஜனின் உடலைப் பரிசோதித்து யாரும் உறுதி செய்யவில்லை. போர்க்காலச் சாப்பாட்டால் வைட்டமின் குறைவும் சேர்ந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. காசநோய்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. கணக்கில் நிரூபணம் என்றால் முழு நிரூபணம். வரலாற்றில் அப்படி இல்லை. கையில் இருக்கும் தடயங்களில் பெரும்பாலானவற்றை எந்த விளக்கம் தாங்குகிறதோ அதை ஏற்றுக்கொள்கிறோம். பழைய சீதபேதி, வருடக்கணக்கில் விட்டு விட்டு வந்த காய்ச்சல், வலி, நடுவில் ஒரு தேறுதல், மறுபடி ஒரு வீழ்ச்சி. இத்தனையையும் சேர்த்துத் தாங்கும் விளக்கமாக யங் சொல்வது எனக்குப் படுகிறது.

சரி, ஏன் தவறியது? அன்றைய மருத்துவர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் விருப்பம் இல்லை. கல்லீரலில் அமீபாவைக் கண்டுபிடிக்கும் வழிகள் அன்று இன்னும் கைக்குப் பழகவில்லை. ஸ்கேன் கிடையாது. நோயாளி வந்து படுக்கும்போது பேதி நின்று பல காலம் ஆகியிருக்கும். ஆனால் மூன்று காரணங்கள் என் கண்ணில் படுகின்றன.

முதலாவது, கண்ணுக்குப் பழகிய நோயே முதலில் தெரியும். இங்கிலாந்து மருத்துவர் தினமும் பார்த்தது காசநோய். கல்கத்தா மருத்துவர் தினமும் பார்த்தது கல்லீரல் கட்டி. அதே ராமானுஜன் கல்கத்தாவில் படுத்திருந்தால் கேள்விகள் வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, இடம் மாறிக்கொண்டே இருந்தார். கேம்பிரிட்ஜ், மெண்டிப், மேட்லாக், லண்டன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மருத்துவர். ஒவ்வொருவர் கையிலும் கதையின் ஒரு பக்கம். முழுப் புத்தகமும் ஒருவர் கையில் இல்லை. அறுவை சிகிச்சை நடந்த விஷயமே ஒருவருக்குத்தான் தெரிந்தது என்றால் பாருங்கள்.

மூன்றாவது, பேதியை நம் ஊரில் யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓமத் தண்ணி குடித்தோம், மோர்சாதம் சாப்பிட்டோம், நின்றுபோயிற்று. பத்து வருடத்துக்கு முந்தைய பேதியை நெஞ்சு வலிக்காக வந்திருக்கும் டாக்டரிடம் யார் சொல்வார்கள்? பொம்பளைப் பிள்ளைகள் என்றால் கூச்சம் வேறு. ஆம்பிளைகளுக்கு விரைவீக்கம் என்றால் வாயே திறக்காது.

இதை நான் எங்கள் சொந்தத்திலேயே பார்த்தேன். முறையில் எனக்குத் தம்பி, வளைகுடாவில் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி போட்டார்கள், மலேரியா என்று ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்துவிட்டு நுரையீரலில் ஏதோ இருக்கிறது என்றார்கள். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டான். கடைசியில் மதுரையில் வயதான ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் படத்தைக்கூட முதலில் வாங்கவில்லை. "சமீபத்துல வயித்தால போச்சா?" என்று கேட்டார். தம்பி இல்லை என்றான். பக்கத்தில் நின்ற அவன் ஆத்தா, "ஏன் இல்ல? நாலு மாசத்துக்கு முன்ன போன்ல சொன்னியே, ரூம்ல எல்லாருக்கும் ரத்தமாப் போகுதுன்னு" என்றார்கள். டாக்டர் வலது விலாவில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். தம்பி துள்ளி எழுந்துவிட்டான். அன்றைக்கே வயிற்று ஸ்கேன். கல்லீரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செருகிச் சீழை எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவே இல்லை. மெட்ரோனிடசோல் மருந்து, பிறகு குடலில் மிச்சமிருப்பதற்கு இன்னொரு மாத்திரை. பத்து நாளில் அவன் சோறு கேட்டான்.

மெட்ரோனிடசோல் இந்த நோய்க்குப் பயன்பட ஆரம்பித்தது 1960-களில். இன்றைக்கு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற, சில ரூபாய் மாத்திரை. கட்டி உடைந்து வயிற்றுக்குள் சீழ் பரவினால்தான் பெரிய அறுவை சிகிச்சை வரைக்கும் போக வேண்டிவரும். அதற்காக யாரும் நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் டீச்சர், டாக்டர் இல்லை. நான் சொல்ல வந்தது மாத்திரையைப் பற்றி அல்ல, அந்த ஆத்தாவின் ஞாபகத்தைப் பற்றி. ராமானுஜன் பக்கத்தில் நின்று, ஏன் இல்லை, பச்சையப்பனில் படிக்கும்போது போனதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அம்மா கோமளத்தம்மாள் கும்பகோணத்தில். மனைவி ஜானகி சின்னப் பெண், அவரும் இந்தியாவில். நடுவில் கடல், கடலில் போர்.

1919 மார்ச்சில் அவர் கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், திரும்பவும் சென்னை சேத்துப்பட்டு. இங்கேயும் காசநோய் வைத்தியமே தொடர்ந்தது. வரும்போது ஒட்டிய பெயரை யாரும் கிழித்துவிட்டுப் புதிதாகப் பார்க்கவில்லை. வலி வரும்போது வெந்நீரில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்ததை ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனாலும் இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை எழுதிக்கொண்டே இருந்தார் என்று சொன்னார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் புதிதாக ஒரு கணிதத்தையே சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடத்தில் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. அதற்குள் இருப்பதை இன்னும் கணித அறிஞர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வலியோடு ஒரு வருடத்தில் எழுதியதே இவ்வளவு.

1920 ஏப்ரல் 26-இல் அவர் காலமானார். ஜானகி அம்மாள் 1994 ஏப்ரல் வரை வாழ்ந்தார். யங் கட்டுரை வந்ததும் அதே 1994-இல்தான். வாழ்நாள் முழுதும் கணவரைக் கொண்டுபோனது காசநோய் என்றே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கடைசி வருடத்தில், வேறு ஒரு பதில் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

இனி நம் ஊர் விஷயம். காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி வளாகத்தைத் தாண்டாமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. கோட்டையூரில் பிறந்த அந்த வள்ளல், 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரால் ஒரு கணித ஆராய்ச்சி நிறுவனத்தைத் தன் பணத்தில் தொடங்கினார். உங்களில் பல பேருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். முதல் இயக்குநர் டி. விஜயராகவன், ஹார்டியிடமே ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். 1957-இல் அழகப்பர் மறைந்த பின் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்றும் ராமானுஜன் பெயரோடு இருக்கிறது.

நான் ஒரு சின்னக் கழித்தல் போட்டுப் பார்த்தேன். 1950-இல் இருந்து 1887-ஐக் கழித்தால் 63. டிசம்பரில் பிறந்தவர் என்பதால், நிறுவனம் தொடங்கிய ஜனவரியில் அவருக்கு 62 நடந்து முடிந்திருக்கும். என் வயதுதான். அன்று ஒரு மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டு, ஓர் ஊசி போட்டிருந்தால், அந்த நிறுவனத்துக்கு அவர் பெயரை மட்டும் வைக்க வேண்டியிருந்திருக்காது. முன்வரிசையில் அவரே உட்கார்ந்திருக்கலாம்.

போனதைப் பேசி ஆவது ஒன்றும் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம். எந்த வருடம் என்ன நோய், எந்த அறுவை சிகிச்சை, எந்த ஊரில் தங்கியிருந்தபோது என்ன வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பேதி, மூலம், விரைவீக்கம், வெள்ளைப்படுதல் எல்லாம் எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், அமெரிக்கா என்று இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் எழுதுங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு நம் ஊர் வியாதி பழக்கம் இருக்காது. மூன்று வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதல் பக்கத்தில் இருந்து காட்டுங்கள். டாக்டர் அவசரமாக இருந்தாலும், "இதையும் ஒரு தடவை பார்த்துருங்க டாக்டர்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஞாபகம் இருப்பது வேறு யாருக்கும் இருக்காது. நோட்டுப் போட்டதும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளே எழுதியதைக் காட்ட வேண்டாம், அட்டை போதும். பழைய வழக்கப்படி ஒரு 'சரி' போட்டு அனுப்புகிறேன்.

 எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர், காரைக்குடி